லாரிகள் ஒளிந்துகொண்ட நாள்

1

ஊரிலிருந்து யார் பேசினாலும் முதலில் கேட்பது, அங்கே இப்போது குளிரா என்றுதான். குளிர்தான். வருடத்தில் பாதி குளிர், மீதி மழை. நடுவில் ஒரு வாரம் வெயில் அடித்துவிட்டால் அதையே ஒரு மாதம் பேசித் தீர்ப்பார்கள். இதைச் சொல்லி முடித்தபின் எனக்கு வேறு எதுவும் சொல்லத் தோன்றாது. இந்த முறை சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. நாமக்கல் பக்கத்துக்காரர்கள் படித்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நானும் சிரித்தவள்தான்.

நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊர். கம்பளி ஆலைகளால் வளர்ந்து, ஆலைகளை மூடியபின் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிற ஊர். புகைபோக்கிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன, புகை இல்லை. இங்கே ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கிளையில் எனக்கு வேலை. இந்த வட்டாரத்தில் லாரியோ வேனோ எங்கே முட்டிக்கொண்டாலும் அதற்கான காகிதம் எங்கள் மேசைக்கு வந்து சேரும். நாமக்கல்லில் லாரிக்காரர் மகளாகப் பிறந்து, கடல் தாண்டி வந்தும் நசுங்கிய பம்பரோடுதான் என் பிழைப்பு.

போன மாதம் ஆபீஸில் பேச்சு கிளம்பியது. லண்டனிலிருந்து ஒருவர் வந்து பார்க்கப் போகிறார். பார்த்துவிட்டு, இந்தக் கிளை இருக்கட்டும் என்பாரோ, இழுத்து மூடி வேலையை லண்டன் பெரிய ஆபீஸோடு சேர்த்துக்கொள்ளலாம் என்பாரோ, அவர் சொல்வதுதான் முடிவு.

மற்றவர்களுக்கு அது வேலை பற்றிய கவலை. எனக்குக் கூடவே இன்னொன்று. என் கணவர் முருகேசன் சேந்தமங்கலத்துக்காரர். இங்கே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறார். சேலத்தில் ஒரு டாக்டர் புதிதாக எக்ஸ்ரே நிலையம் தொடங்குகிறார், வந்துவிடுங்கள் என்று இவரை இரண்டு வருடமாகக் கூப்பிடுகிறார். இரண்டு சம்பளம் இருந்தால்தான் இங்கே வீட்டுக் கடன் ஓடும். அதனால் சமையலறையில் நின்றபடியே முடிவெடுத்தோம். என் ஆபீஸை மூடினால் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடுவது. மூடாவிட்டால் இங்கேயே இருப்பது.

இதை நான் அப்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. வாய் நிற்காமல் சொல்லிவிட்டேன். அவர் அடுத்த வாரமே கொத்தனாரைக் கூட்டிவந்து, வீட்டுக் கொல்லையில் பேத்திக்காக உட்கார்ந்து போகிற இங்கிலீஷ் கக்கூஸ் ஒன்று கட்ட ஆரம்பித்துவிட்டார்.

2

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் கந்தசாமி. தோட்டம் அண்ணன் தம்பிகளுக்குள் பிரிந்தபோது தன் பங்கை விற்று லாரி வாங்கியவர். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அம்மா போய்விட்டாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா எனக்குச் சோறு போட்டாள், அப்பா நாக்பூருக்கும் கல்கத்தாவுக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார். லோடு இறக்கிய ஊரில் திரும்பி வருவதற்கு ஒரு லோடு கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். காலி வண்டியை ஓட்டி வந்தால் டீசல் காசுக்குக்கூடக் கட்டாது. ரிட்டர்ன் லோடு கிடைத்துவிட்டதா என்பதுதான் எங்கள் வீட்டில் அப்பா எப்போது வருவார் என்ற கேள்விக்கு அர்த்தம்.

எழுபதுகளின் நாமக்கல்லைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கம்பெனியிலிருந்து லாரி முழுதாக வராது. இன்ஜினும் சக்கரமும் சட்டமும் மட்டும் வரும். கூரையில்லாத அந்தச் சட்டத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, எங்கிருந்தோ ஓட்டி வருவார்கள். எங்கள் ஊர்ப் பட்டறையில்தான் அதற்குக் கேபினும் பாடியும் ஏறும். ரோட்டின் இரண்டு பக்கமும் பட்டறைகள். தகடு தட்டுகிற சத்தம் விடிந்தால் தொடங்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி எங்கள் ஊர் ஆட்களுக்குக் குரலே பெரிசு. இங்கே ஆபீஸில் நான் போனில் பேசினால் பக்கத்து மேசை மார்கரெட், லண்டனுக்குக் கேட்க போன் எதற்கு என்று கிண்டல் செய்வாள்.

உழைப்பெல்லாம் எங்கள் ஊரில் நடந்தது. ஆனால் பர்மிட்டுக்குச் சேலம், இன்ஷூரன்ஸுக்குச் சேலம், கடனுக்குச் சேலம் இல்லாவிட்டால் கரூர். சேலத்தில் கையெழுத்தானது சேலம் கணக்கில் ஏறும். நாமக்கல் லாரிகள் நாடு முழுக்க ஓடின, காகிதத்தில் பார்த்தால் நாமக்கல்லில் ஒன்றுமே இல்லை. மேசை போட்டு உட்கார்கிற வேலைகள் எல்லாம் காகிதம் இருக்கிற ஊருக்குப் போயின. பட்டறையில் சேருவதென்றால் பையன்களுக்கு உள்ளூரில் எத்தனையோ இடம். என்னைப்போல் பி.காமும் டைப்ரைட்டிங்கும் முடித்த பெண்ணுக்கு உட்கார ஒரு நாற்காலி இல்லை.

அதனால்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனி நாமக்கல்லில் கிளை திறக்கலாமா என்று யோசிக்கிறது என்ற செய்தி வந்தபோது, லாரிக்காரர்கள் எல்லோரையும்விட அப்பாவுக்குத்தான் தலைகால் புரியவில்லை. சேலம் கிளை மேனேஜர் நல்ல மனிதர். கிளை வந்தால் டைப்பிஸ்ட் வேலைக்கு உள்ளூர்ப் பிள்ளைகளைத்தான் கூப்பிடுவோம், வேலைவாய்ப்பு ஆபீஸில் பதிந்து வையுங்கள் என்று அப்பாவிடமே சொல்லியிருந்தார். அதைப் பதியவும் சேலத்துக்குத்தான் போனோம். க்யூவில் நின்று, சான்றிதழ் நகலில் கையெழுத்து சரியில்லை என்று அவர்கள் திருப்பி அனுப்ப, மறுபடி போய் நின்றோம். அப்பா ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. வரும்போது பஸ்ஸில் சொன்னார்.

"நான் ஊடு தங்குனவன் இல்ல சாமி. நீயாச்சும் காத்தால சாப்ட்டு நடந்து போயி, பொழுதோட ஊடு வந்து சேரோணும். உனக்கு இங்கயே ஒரு நாக்காலி கெடச்சுப்போச்சுன்னா நானும் ஓட்டறத நிறுத்திப்போடுவேன்."

3

என் மகள் ரேவதி இங்கேயே பிறந்தவள். அவளுடைய இங்கிலீஷைக் கேட்டால் லண்டன்காரர்களுக்கே புரியாது, அப்படி வடக்கத்தி இழுப்பு. தமிழ் புரியும். பதில் இங்கிலீஷில் வரும். நான் தமிழில் திட்ட, அவள் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்க, இப்படியே எங்கள் குடும்பம் ஓடுகிறது.

முந்தின வருடம் ஊருக்குப் போயிருந்தோம். அதற்கு முன்னால் அவளுடைய பாஸ்போர்ட்டுக்கு விசா வாங்க ஒரு நாள் முழுக்க நின்றேன். என் பிள்ளை என் அப்பா வீட்டுக்குப் போக அனுமதி வேண்டும், எதற்காகப் போகிறாள் என்று கட்டத்தில் எழுத வேண்டும். தாத்தாவைப் பார்க்க என்று எழுதினேன். சுற்றுலா என்று போடுங்கள் என்றார் கவுண்டரில் இருந்தவர். அடித்துவிட்டுச் சுற்றுலா என்று எழுதினேன்.

நாமக்கல்லில் முதல் இரண்டு நாள் அவளுக்குத் திருவிழாவாக இருந்தது. அப்பா கொல்லிமலை வாழைப்பழம் தாராகத் தொங்கவிட்டிருந்தார். லாரியில் ஏற்றி மோகனூருக்குக் கூட்டிப்போனார். காவிரியில் காலை நனைத்தாள், கரும்பு தின்றாள். மூன்றாம் நாள் முகம் வாடிவிட்டது. குத்தவைத்துப் போகிற கக்கூஸ் அவளுக்குப் பழகவில்லை, வயிற்றைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். மத்தியானம் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, அம்மா, வீட்டுக்குப் போகலாம் என்று அழுதாள்.

அப்பா வாசலில் நின்றிருந்தார். அவள் இங்கிலீஷில்தான் சொன்னாள். ஆனால் ஹோம் என்ற அந்த ஒரு சொல் அவருக்குப் புரிந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைவீதிக்குப் போனவர், ஐஸ்கிரீமோடு திரும்பி வந்தார்.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் முருகேசனைத் தனியாகக் கூப்பிட்டு, மாப்பிள்ளை, அங்கே கக்கூஸ் எப்படி இருக்கும், எவ்வளவு உசரம் என்று விசாரித்திருக்கிறார். இவர் கையால் காட்டியிருக்கிறார். நாங்கள் திரும்பி வருவதாக இருந்தால் பேத்தி எதற்காக அழுவாள் என்பது அவர் மனதில் அன்றைக்கே பதிந்துவிட்டது. இந்த முறை ஆபீஸை மூடக்கூடும் என்று நான் சொன்னதும் அவர் சுண்ணாம்பு அடிக்கவில்லை, தோரணம் கட்டவில்லை. நேராகக் கொத்தனாரைக் கூப்பிட்டார்.

4

இனி, எனக்குக் கல்யாணமாகுமுன் ஊரில் லாரிகள் ஒளிந்துகொண்ட அந்த நாள்.

மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார், நாமக்கல் ஒரு கிளையைத் தாங்குமா என்று கண்ணால் பார்த்துச் சொல்லப் போகிறார் என்று சேலம் மேனேஜர் சொல்லி அனுப்பினார். காகிதத்தில் எல்லாமே சேலம் கணக்காக இருப்பதால் நேரில்தான் பார்க்க வேண்டுமாம். லாரிக்காரர்கள் ஒரு பட்டறையில் கூடினார்கள். நான் டைப்ரைட்டரோடு ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன், வரவேற்புரை அடிப்பது என் வேலை.

எங்கள் பக்கத்தில் ஒறம்பறை, அதாவது விருந்தாளி, வருகிறதென்றால் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். வாசல் தெளித்து, கட்டிலை எடுத்து, காயப்போட்ட துணியை எடுத்து, மாட்டைப் பின்பக்கம் மாற்றிக் கட்டி, வருகிறவர் கால் எதிலும் இடறாதபடி வைப்போம். வீட்டில் வேலை நடக்கிறது என்பது வந்தவர் கண்ணில் படக் கூடாது. அதுதான் மரியாதை. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களுக்கும் அதைத் தவிர வேறு முறை தெரியாது. ரோடு முழுக்க லாரி, அதிகாரியின் கார் எப்படி வரும் என்று ஒருவர் கேட்டார்.

அப்பாதான் முதலில் எழுந்தார். "வண்டியெல்லாம் அக்கட்டால எடுத்துப்போடலாமுங்க. பெரிய மனுசன் வாராரு, அவரு காரு எங்கீமே நிக்கப்படாது."

அப்படி ஒதுக்கிவைப்பது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. விடிவதற்கு முன்பே நாமக்கல் லாரிகள் எல்லாம் மோகனூர் ரோட்டில் கிளம்பின. காவிரிக்கரைத் தென்னந்தோப்புகளுக்குள் அவற்றை நிறுத்திவிட்டு டிரைவர்கள் ஆற்றில் இறங்கிக் குளித்தார்கள். பாடி ஏறாத சட்டங்களைப் பட்டறைக்குப் பின்னால் தள்ளித் தார்ப்பாயைப் போட்டு மூடினார்கள். அதிகாரி பேசும்போது காது அடைக்கக் கூடாது என்று தகடு தட்டுவதையும் நிறுத்திவிட்டார்கள். எண்ணெய் படிந்த ரோட்டில் மண் கொட்டித் தண்ணீர் தெளித்தார்கள். நான் பிறந்ததிலிருந்து ஊர் அப்படி இருந்து பார்த்ததில்லை. கோட்டை மலை ஏறி நின்ற புறா கத்துவது கீழே கேட்டது.

கார் வந்தது. அதிகாரி கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். அகலமான சுத்தமான ரோட்டைப் பார்த்தார். அந்த நேரத்துக்கென்று ஒரு கட்டை வண்டி சோளத்தட்டு ஏற்றிக்கொண்டு அவர் முன்னால் போயிற்று. மாலை போட்டார்கள், இளநீர் கொடுத்தார்கள், மண்டபத்தில் இலை போட்டார்கள். என் வரவேற்புரையைப் படித்துவிட்டு, பிழை இல்லாமல் அடித்திருக்கிறார்களே, யார் அடித்தது என்று கேட்டார். அப்பா என்னைக் கைகாட்டினார். அவர் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும்.

தொழில் எப்படி என்று அவர் கேட்டபோது, ஏதோ உங்க புண்ணியத்துல ஓடுதுங்க என்றார்கள். வீட்டுக்கு வந்தவரிடம் எங்களுக்கு அத்தனை வண்டி இருக்கிறது, இத்தனை பட்டறை இருக்கிறது என்று சொல்லிக்கொள்வது எங்கள் ஆட்களுக்குக் கூச்சம். கிளம்பும்போது அவர் கைகூப்பி, ரொம்ப அமைதியான ஊர், ரிட்டையர் ஆனபின் இப்படி ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும் என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஊர் ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தது. சேலத்துக்கே கிடைக்காத பாராட்டு என்றார்கள்.

கிளை வரவில்லை. நாளாகியும் தகவல் இல்லாததால், இன்ஷூரன்ஸ் கட்டப் போன இடத்தில் அப்பா மேனேஜரிடம் கேட்டிருக்கிறார். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னாராம், காரில் திரும்பும்போது அதிகாரி தன்னைக் கேட்ட ஒரே கேள்வி, அந்த ஊரில் லாரி எங்கே என்பதுதானாம். உள்ளதைச் சொல்லிப் பார்த்தாராம் மேனேஜர். கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு நீங்கள் சொல்வதை எழுத முடியுமா என்று அதிகாரி சிரித்துவிட்டாராம்.

அப்பா வீட்டுக்கு வந்து இதை நடித்துக் காட்டினார். நானும் பெரியம்மாவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபின் அவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"அக்கட்டால எடுக்கலாமுன்னு மொதல்ல சொன்னது நாந்தான சாமி" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.

5

மிச்சக் கதை உங்களில் பலருடைய கதையும்தான். நாமக்கல்லில் நாற்காலி இல்லை என்று சேலத்துக்குப் போனேன், விடுதியில் தங்கி ஒரு நூல் கடையில் டைப் அடித்தேன். சேலத்தில் நிலையான வேலை இல்லை என்று மெட்ராஸுக்குப் போனேன். கடைசியில் அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மெட்ராஸ் ஆபீஸில் வேலை கிடைத்தது. அங்கே நான் அடித்த காகிதங்களில் பாதி நாமக்கல் லாரிகளுக்கானவை. எங்கள் தெருக்காரர் வண்டி எங்கே கவிழ்ந்தது என்று எங்கள் தெருவுக்குத் தெரியும் முன்னால் எனக்குத் தெரிந்தது. சொந்த ஊர் வேலையைச் செய்வதற்கு ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்ததே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

மெட்ராஸுக்கு எந்த லோடு கிடைத்தாலும் அப்பா ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். முட்டை, ஜவ்வரிசி, ஒருமுறை மேச்சேரி ஆடுகள்கூட. வண்டியை எங்கோ நிறுத்திக் குளித்து, வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு விடுதி வாசலில் நிற்பார். சட்டை வெளுப்பாக இருக்கும், ஆட்டு வாசம் மட்டும் போகாது. ரிட்டர்ன் லோடு கிடைக்கவில்லை சாமி என்று சொல்லிக்கொண்டு இன்னும் ஒரு நாள் இருப்பார். அது பொய் என்று எனக்குத் தெரியும். கல்யாணமாகி இங்கிலாந்துக்குக் கிளம்பியபோது விமான நிலையத்தில், அங்கே மட்டும் ரோடு இல்லாமல் போய்விட்டது பார் என்றார்.

இப்போது நாமக்கல்லிலேயே இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வந்துவிட்டது. திறந்த அன்றே அப்பா போய்ப் பார்த்திருக்கிறார். நல்ல வெளிச்சமான இடம், ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்து டைப் அடிக்கிறது என்று போனில் சொன்னார். யார் வீட்டுப் பெண் என்று கேட்டேன். கேட்கவில்லை சாமி, சும்மா பார்த்துவிட்டு வந்தேன் என்றார்.

6

லண்டன்காரர் வருகிற நாள் காலையில் நான் ஆபீஸுக்குள் நுழைந்தபோது மார்கரெட் மேசைமேல் ஏறி நின்று ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இந்த ஆபீஸில் அவள்தான் மூத்தவள். அவளுடைய அம்மா கம்பளி ஆலையில் இருந்தவள். ஆலையை மூடினார்கள், ஆபீஸுக்கு வந்தோம், ஆபீஸையும் மூடினால் இந்த ஊர்ப் பிள்ளைகள் ரயில் ஏற வேண்டியதுதான் என்று அடிக்கடி சொல்லுவாள். அவளுடைய மகன் ஏற்கெனவே ஏறிவிட்டான், லண்டனில் இருக்கிறான், கிறிஸ்துமஸுக்கு வருவான்.

நான் கோட்டைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். எல்லோருடைய மேசையும் துடைத்து வைத்த சாப்பாட்டு மேசையாக இருந்தது. எப்போதும் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடக்கும் ஃபைல்களை அலமாரிக்குள் அடைத்துக்கொண்டிருந்தார்கள். இடம் போதாமல் கொஞ்சத்தைக் கழிப்பறைக்குப் பக்கத்து அறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். மேசைக்கு மேசை பூச்செண்டு. வந்தவர் நிம்மதியாகப் பேசட்டும் என்று அன்றைக்கு மட்டும் போன்களை எல்லாம் பக்கத்து நகரத்துக் கிளைக்குத் திருப்பிவிடச் சொல்லிக்கொண்டிருந்தாள் மார்கரெட்.

என் ஃபைல் கட்டை ஒருத்தி தூக்கிக்கொண்டு போனாள். "எடுக்காதீங்க" என்று கத்திவிட்டேன். தமிழில். அதுவும் நாமக்கல் பட்டறைக் குரலில். அவள் கட்டை நெஞ்சோடு பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். மார்கரெட் மேசையிலிருந்து இறங்கி, என்ன ஆயிற்று, உடம்பு சரியில்லையா என்றாள்.

அப்புறம் இங்கிலீஷில் சொன்னேன். தென்னந்தோப்பு, தார்ப்பாய், கட்டை வண்டி, ரொம்ப அமைதியான ஊர், எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துச் சிரித்து மார்கரெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு, யார் முதலில் என்று தெரியவில்லை, அலமாரியைத் திறந்தார்கள். ஃபைல்கள் எல்லாம் மேசைக்குத் திரும்பின. பூச்செண்டுகளை ஒரு மூலையில் ஒதுக்கினோம். போன்கள் எங்கள் பக்கமே இருந்தன.

அன்றைக்கு வெளியே பனி உறைந்து ரோடெல்லாம் வழுக்கல். வண்டிகள் முட்டிக்கொள்ள அதைவிட நல்ல நாள் கிடையாது. லண்டன்காரர் உட்கார நாற்காலியிலிருந்து ஃபைலை எடுத்துத் தரையில் வைக்க வேண்டியிருந்தது. அவர் ஒரு வாக்கியம் பேசி முடிக்கும் முன் போன் அடிக்கும். ஒரு டிரைவரிடம் நான் கத்திப் பேசியபோது திரும்பிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை, நடக்கட்டும் என்று கைகாட்டினார். போகும்போது மார்கரெட்டிடம், இந்த வேலையில் பாதி லண்டன் கணக்கில் காட்டப்படுகிறது, இங்கே இவ்வளவு நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது என்றாராம்.

கொஞ்ச நாளில் முடிவு வந்தது. கிளை இருக்கும். மார்கரெட் கேக் வாங்கி வந்தாள், முதல் துண்டை எனக்கு வெட்டினாள், என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். இத்தனை வருடத்தில் இந்த ஊர்க்காரியாக நான் அன்றைக்குத்தான் உணர்ந்தேன். நடந்தே வீட்டுக்கு வந்தேன், வழியெல்லாம் சிரிப்பு அடங்கவில்லை.

முருகேசன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் சிரித்தார், நல்ல காரியம் செய்தாய் என்றார். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "மாமாகிட்ட நீயே சொல்லிரு" என்றார்.

7

அப்பா வீட்டில் போன் இல்லை. கேட்டுப் பதிவு செய்து வருடங்கள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லாரி புக்கிங் ஆபீஸில் வந்து உட்கார்ந்திருப்பார், இங்கே அப்போது மத்தியானம். லைன் கிடைத்ததும் புக்கிங் ஆபீஸ் சத்தம்தான் முதலில் வரும், அதற்குப் பின்னால் அவர் குரல்.

"சாமி, அந்தக் கக்கூசு முடிஞ்சுது. டைல்சு வெள்ளையா ஒட்டியிருக்குது. மாப்பிள்ள சொன்ன ஒசரந்தான்."

நான் ஆபீஸை மூடவில்லை என்று சொன்னேன்.

லைன் இரைந்தது. "சந்தோசம் சாமி" என்றார். "எப்படி உட்டாங்க?"

எப்படி என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அவரிடம் நான் எதை மறைத்தேன்? ஃபைலை ஒளித்து வைக்கப் பார்த்தார்கள், எடுக்காதீங்க என்று கத்தினேன் என்றதும் அவர் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. ரிசீவரை விலக்கிப் பிடித்துக்கொண்டு அங்கே இருந்தவர்களிடம் சொல்வது எனக்குக் கேட்டது. "என்ற புள்ள வெள்ளக்காரன் ஊருல போயி, வண்டிய ஒளிச்சு வெக்காதீங்கன்னு சொல்லிப்போட்டா." புக்கிங் ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு மோகனூருக்கு வண்டி ஓட்டிப்போனவர்கள் சிலர் அந்தச் சிரிப்பில் இருந்திருப்பார்கள்.

பிறகு அவர் சிரிப்பு மட்டும் முதலில் நின்றது. ஊரில் அந்த நாற்காலி கைவிட்டுப் போனதால் நான் அவரை விட்டு வந்தேன். அது எப்படிப் போனது என்று அவரிடம் தெரிந்துகொண்டதை வைத்து இங்கே ஒரு நாற்காலியைக் காப்பாற்றி, அதனாலேயே அவரிடம் திரும்பாமல் போகிறேன். இது எனக்கு அந்த நிமிடம்தான் முழுதாக உறைத்தது. அவருக்கு என்னைவிடச் சீக்கிரம் உறைத்துவிட்டது.

"அப்பா, அந்தக் கக்கூசு" என்று ஏதோ ஆரம்பித்தேன்.

"அது கெடக்குது சாமி. எனக்கு முட்டி வலி, குத்தவெக்க முடியறதில்ல. நானே உக்காந்துக்கறேன், ராசாவாட்ட இருக்குது."

ரேவதி சோபாவில் குப்புறப் படுத்துக்கொண்டு ஏதோ படம் வரைந்துகொண்டிருந்தாள். பேத்தி எங்கே என்று கேட்டார். இங்கேதான் இருக்கிறாள் என்றேன். உன் ஆபீஸ் வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்றார். நடந்தே போய்விடலாம் என்றேன். இது அவருக்குத் தெரியும், பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"அவ படிச்சு முடிக்கறப்ப அந்த ஆபீசு அங்கயே இருக்குமா?"

"இருக்குங்கப்பா."

"அப்ப அவ காத்தால சாப்ட்டு நடந்து போயி, பொழுதோட உன்றகிட்ட வந்து சேந்துருவா" என்றார். "அது போதுஞ் சாமி."

இரைச்சலுக்கு நடுவே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். வாசலில் நிற்கிற அவர் வண்டியைக் கொஞ்சம் நகர்த்த வேண்டுமாம். வாரேன், வாரேன் என்று அவர்களுக்குக் குரல் கொடுத்துவிட்டு, என்னிடம் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் போனை வைத்தார்.